மிஸ் அடிக்கும் வண்டி

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொன்னதற்குக் கண், காது, மூக்கு வைத்து நான் சொல்லவில்லை.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் இரும்பிலோ எண்ணெயிலோ காற்றிலோ இருக்கும். தேடினால் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம் இதுதான், இதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். அதனால் நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த மழை நாளுக்கு முன்னால் நானும் உங்கள் கட்சிதான்.

நான் டீசல் மெக்கானிக். பெண். ஷட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தால், வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடமே "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்கார், சாவியக் குடுங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் ஒரு அல்ப சந்தோஷம்.

பட்டறை எனக்கும் அண்ணனுக்கும் பொது. சாமான் வாங்குவது, ஆட்களிடம் பேசுவது அவன். இன்ஜின் நான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் அவன். கோணல் மாணலாகத் தலை பின்னிவிட்டவன் அவன். பெண்பிள்ளை ஸ்பேனர் பிடிக்கலாமா என்று நாலு பேர் கேட்டபோது, "அவ புடிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டவனும் அவன்தான். அண்ணன் ஒன்று சொன்னால் எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

எங்களோடு மூன்றாவதாக ஒருவன் இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவோம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். காருக்கு அடியில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். "பாதத்துக்கு ஒரு சிவப்பு லைட் மாட்டிக்கோ" என்று நான் திட்டுவேன்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நான் கொஞ்சம் அதிகமாகச் செய்வேன். "நாடி எப்படி இருக்கு, டாக்டர்?" என்பான் நெட்டை. அதிலிருந்து அவனுக்கு நான் டாக்டர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோபம் வந்தால்கூட, "டாக்டர், வாய மூடு."

நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவனுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை, ஒண்டிக்கட்டை. அண்ணனுக்கும் முழுச் சம்மதம். தேதிகூடக் குறித்தாகிவிட்டது.

அப்போது அண்ணன் நெடுஞ்சாலை ஓரமாக இன்னொரு ஷெட் வாடகைக்கு எடுத்திருந்தான். வண்டிக்கு அடியில் நின்றபடி வேலை செய்யத் தரையில் குழி வெட்டிய ஷெட். அவனும் நெட்டையும் அங்கே, நான் இங்கே. ஒரு நாள் சாயங்காலம் நெட்டையின் போனிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'என்னை மன்னித்துவிடு. எனக்கு இதில் விருப்பமில்லை. தேடாதே.' அவ்வளவுதான். அதன் தலையில் என் பேர் இருந்தது. டாக்டர் இல்லை... என் பேர். யாரோ மூன்றாம் மனுஷிக்கு எழுதின மாதிரி.

"நான்தான் பஸ் ஏத்திவிட்டேன் பாப்பா" என்றான் அண்ணன். "உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல அவனுக்கு தைரியம் இல்ல. விட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளினேனா என்ன? நாலு வருஷம் அவனை வாயாரத் திட்டினேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்று நெஞ்சு வேகும். நட்டு இறுகிக்கொண்டு வராவிட்டால் அவன் பேரைச் சொல்லித்தான் ஸ்பேனரை மிதிப்பேன், கழன்றுவிடும். இனி ஒருத்தனையும் நம்பக் கூடாது, அண்ணன் ஒருவன் போதும் என்று இருந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வண்டி வந்தது.

கொண்டு வந்தவர் ஒரு பாட்டு டீச்சர். பழைய டீசல் கார், இன்ஜின் முன்னால், ஓடுவது பின்சக்கரம். வெளியில் நீலம் அடித்திருந்தார்கள். பானட்டைத் தூக்கினால் ஓரமெல்லாம் பழைய வெள்ளை தெரிந்தது.

"நாலு பேர்கிட்ட காட்டிட்டேன் மேடம். இன்ஜெக்டர் மாத்தினாங்க, பம்ப் மாத்தினாங்க, ஃபில்டர் எத்தனை தடவைன்னு எனக்கே மறந்துபோச்சு. இன்னும் என்னை மட்டும்தான் மாத்தல."

"என்ன பண்ணுது?"

"ஓடும்போது ஒண்ணுமில்ல. சிக்னல்ல நின்னா மிஸ் அடிக்குது. மூணு அடி, ஒரு இடைவெளி. மூணு அடி, ஒரு இடைவெளி. நான் தாளம் போடறவ மேடம், தப்பா எண்ண மாட்டேன்."

நாலு சிலிண்டரில் ஒன்று செத்துக் கிடந்தால் சத்தம் அப்படித்தான் வரும், மூன்று அடி, ஒரு ஓட்டை. சின்ன வேலை, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சும்மா நிற்கும்போதுகூட அந்த இன்ஜின் ஒரு நொடிக்கு இருபத்தைந்து தடவைக்கு மேல் வெடிக்கும். எந்தத் தாளக்காரராலும் அதை எண்ண முடியாது. ஒரு ஓட்டை இருந்தால் மொத்தமாகக் குலுங்கும், அவ்வளவுதான். அவர் எண்ணியது என்ன?

ஸ்டார்ட் செய்தேன். சூடேறும்வரை வண்டி சமர்த்தாக ஓடியது. பிறகு ஆரம்பித்தது. டக், டக், டக்... ஒரு இடைவெளி. டக், டக், டக்... டீச்சர் சொன்னது சரிதான். எண்ண முடிந்தது.

அன்று முழுவதும் அதோடுதான் போராட்டம். இன்ஜெக்டர்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கெட்ட சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தத்தில் மாற்றம் இருக்காது, அது ஏற்கெனவே செத்தது. நல்லதைக் கழற்றினால் இன்ஜின் தள்ளாடும். இங்கே நாலுக்கும் தள்ளாடியது. நாலும் நல்லது. இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை நாலு பாட்டிலில் பிடித்தேன். நாலிலும் ஒரே அளவு. ஸ்கேனரை மாட்டினேன். நாலு கோடுகள் ஒரே உயரத்தில் நின்றன, ஒரு குறைகூட இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப்போய்ச் சைலன்சர் குழாயின் வாயில் பிடித்தேன். மிஸ் இருந்தால் அது நடுநடுவே உள்ளே இழுபடும். இது சீராகப் படபடத்தது.

இன்ஜினில் மிஸ் இல்லை. ஆனால் வண்டி மிஸ் அடிக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் இல்லை. கண்ணெதிரே ஒன்று பொய் சொல்கிறது. எது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் வெளியூரிலிருந்து வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். நம்பர் பிளேட்டைப் பார்த்தான். பிறகு அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டி உள்ளே போனான். நடுவில் வழி தாராளமாக இருந்தது.

"யாரோடது?"

"ஒரு பாட்டு டீச்சரோடது. மிஸ் அடிக்குதுங்கறாங்க, என்னன்னே புடிபடல."

"புடிபடலன்னா திருப்பி அனுப்பு. இன்னைக்கே அனுப்பு."

நாங்கள் ஒரு வண்டியையும் அப்படித் திருப்பியதில்லை. "ஏன்?" என்றேன்.

"சொன்னா கேளு பாப்பா. அப்புறம், அதுக்கு ஹேண்ட் பிரேக் புடிக்காது. சக்கரத்துக்குக் கல்லு வை." சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டான்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

அவன் அந்த வண்டிக்குள் தலையைக்கூட நீட்டவில்லையே... எப்படித் தெரியும்? பழைய வண்டி, ஒரு குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் விஷயத்தில் எனக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரைப் பாதி இறக்கினேன். டீச்சருக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டேன். திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தோற்றுப்போன மாதிரி இருந்தது.

ஏழே கால் இருக்கும். ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். இத்தனை கருவியும் கைவிட்ட பிறகு காதுதான் மிச்சம்.

முதல் இன்ஜெக்டரில் வைத்தேன். சுத்தமான டிக் டிக். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. அந்த டக், டக், டக் எங்கோ தூரத்தில் கேட்டது.

இன்ஜினின் பின்பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் கிட்டே வந்தது.

சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் படுத்து, கையை நீட்டி, கியர்பாக்ஸில் வைத்தேன். இன்னும் கிட்டே.

சத்தம் இன்ஜினிலிருந்து வரவில்லை. பின்னால் போகப் போகக் கூடியது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளமான தண்டு போகும், வண்டி ஓடும்போது சுழல்வது அதுதான். இப்போது அது அசையாமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில், வண்டியின் அடித்தகட்டில் நுனியை வைத்தேன்.

காதே அதிர்ந்தது. டக். டக். டக்.

இரும்பு இரும்பில் படுகிற சத்தம். ஏதோ ஒன்று லூசாகி ஆடும் சத்தம் இல்லை. ஆடுகிற பொருள் இப்படி அளந்து அடிக்காது. இது ஓங்கி அடிக்கும் சத்தம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கை பின்னால் போய் வருகிற அளவுக்கு நேரம் இருந்தது.

எழுந்து இன்ஜினை நிறுத்தினேன்.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு... டக். டக். டக்.

இன்ஜின் அணைந்திருந்தது. சாவி என் கையில் இருந்தது.

டக். டக். டக்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

இன்ஜின் ஓடும்போது அடியில் இருப்பவன் கத்தினாலும் மேலே சீட்டில் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் எங்கள் மூன்று பேருக்குள் ஒரு ஏற்பாடு. அடியில் இருப்பவன் ஸ்பேனரால் தகட்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஸ்டார்ட் பண்ணு. இரண்டு என்றால் ஆக்ஸிலேட்டரை மிதி. மூன்று என்றால்...

நிறுத்து.

நெட்டை கொண்டு வந்த ஏற்பாடு அது. எங்கள் பட்டறையைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

டக். டக். டக்.

பேசாமல் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடியிருக்கலாம். ஆனால் நாலு வருஷமாகத் திட்டிய ஆள் அடியில் இருந்து தட்டினால் ஓடவா தோன்றும்?

குனிந்தேன். டார்ச்சை அடித்தேன்.

காருக்கு அடியில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரை, ஒரு பழைய எண்ணெய்க் கறை, அந்தப் பக்கத்துச் சுவர்.

மூச்சு விட்டேன்.

எழுந்து, காரைச் சுற்றி மறுபக்கம் போனேன்.

இரண்டு பாதம்.

காரின் அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு... முழங்காலுக்குக் கீழே வரை. பூட்ஸின் அடிப்பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி குனிந்தேன். அடியில் யாரும் இல்லை.

நிமிர்ந்தேன். பாதம் இருந்தது.

"நெட்ட..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இடது பாதம் மெல்லத் திரும்பியது. அவ்வளவுதான்.

விளக்கு ஒரு தரம் துடித்தது. மறுபடி வந்தபோது தரை வெறுமையாக இருந்தது.

"இன்னும் அனுப்பலையா நீ?"

கத்திவிட்டேன். அண்ணன். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தான், கீழே இறங்காமல்.

சாவியை நீட்டினேன்.

"சீட்ல உக்காந்து ஸ்டார்ட் பண்ணு."

"எதுக்கு?"

"நான் கீழ பாக்கணும். ஒரு நிமிஷம்."

"நீயே பண்ணிக்கோ."

"அண்ணா. உக்காரு."

என் முகத்தில் என்ன பார்த்தானோ. வந்தான். கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தபடியே உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்தது.

டக். டக். டக்.

"கேக்குதா?"

"மிஸ்ஸிங்தான்..." என்றான். "பழைய வண்டி..."

டக். டக். டக்.

இப்போது ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருக்கவில்லை. பட்டறை முழுக்கக் கேட்டது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். முன்னால் சுவரைப் பார்த்தான்.

டக் டக் டக். டக் டக் டக்.

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவன் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு நேர் கீழே. கார் குலுங்கியது.

டக்டக்டக். டக்டக்டக். டக்டக்டக்.

அண்ணன் சாவியைத் திருப்பிப் பிடுங்கினான்.

"நிறுத்திட்டேன்! நெட்ட, நிறுத்திட்டேன்!"

அது நிற்கவில்லை.

"சத்தியமா அன்னைக்குக் கேக்கலடா! போன் பேசிட்டிருந்தேன்... கேக்கலடா! நிறுத்திட்டேன்!"

நின்றது.

மழைகூடக் கொஞ்சம் ஓய்ந்தது போல் இருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் நான் அங்கே நிற்கிறேன் என்று அவனுக்கு நினைவு வந்தது போல.

"என்னைக்கு?" என்றேன்.

அவன் அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே சொன்னான். இதே வண்டிதானாம், அப்போது வெள்ளை. நெடுஞ்சாலை ஷெட்டில் ஏதோ வேலைக்கு வந்திருந்தது. பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து, நெட்டை குழிக்குள் நின்று அந்த நீளத் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணன் சீட்டில். கியரில் ஓடிக்கொண்டிருந்த தண்டில் நெட்டையின் சட்டை மாட்டிக்கொண்டது. தட்டியிருக்கிறான். மூன்று மூன்றாகத் தட்டியிருக்கிறான். அண்ணன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"செத்துட்டான்னு நெனச்சேன் பாப்பா. பயந்துட்டேன். ஜெயிலுக்குப் போயிட்டா உன்னை யாரு பாத்துப்பா?"

குழியின் மேல் இரும்புப் பலகையைப் போட்டு மூடியிருக்கிறான். மறுநாள் இரவு அதன் மேல் சிமெண்ட். மெசேஜ் அனுப்பியதும் அவன்தான். நெட்டை என்னை என்னவென்று கூப்பிடுவான் என்பதை அவன் பக்கத்திலேயே இருந்து தினமும் கேட்டவன். அவசரத்தில் அதுகூட நினைவுக்கு வராமல் என் பேரைப் போட்டிருக்கிறான். அந்தப் பேரைப் பார்த்துத்தான் நான் நாலு வருஷம் நெட்டையைச் சபித்தேன்.

"எனக்காகவா?" என்று கேட்டேன். "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத."

"நான் உன்னை வளத்தவன்டி..."

அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ விட்டுப்போயிற்று. என்னை வளர்த்த அதே கையால் என் வாழ்க்கையைக் குழியில் போட்டு மூடிவிட்டு, மறுநாள் என் தலையைத் தடவி "விட்டுத் தள்ளு" என்று சொல்லியிருக்கிறான். நாலு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறான். நான் நெட்டையைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறான். போலீசுக்கு நான்தான் போன் போட்டேன். அவன் ஓடவில்லை. அந்த சீட்டிலேயே, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிமெண்டை உடைத்துக் குழியைத் திறந்தபோது என்னை அங்கே விடவில்லை. பிறகு ஒரு போலீஸ்காரர் தனியாகக் கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னார். நெட்டை இருந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. மூடிய இரும்புப் பலகையின் அடிப்பக்கத்தில், கை எட்டும் இடத்தில், நிறையப் பள்ளங்கள் இருந்தன. வண்டியின் தகட்டில் இல்லை, பலகையில்.

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. மூடும்போது அவன் சாகவில்லை.

டீச்சரின் காரைப் போலீஸ் விடுவித்த பிறகு நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஒரு நட்டைக்கூட நான் மாற்றவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு நாளும் மிஸ் அடிக்கவில்லையாம். "என்ன பண்ணீங்க மேடம்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பாதத்தைப் பற்றியும் எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் அந்த ஷெட்டைப் பார்க்கப் போனேன், காலையில், நல்ல வெயிலில். பக்கத்தில் ஒரு டயர் கடை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு தெரியலம்மா."

"சொல்லுங்க."

"அவர் காணாமப்போன மறுநாள், உங்க அண்ணன் அந்தக் காரக் காலையிலேர்ந்து ஓட விட்டிருந்தார். சும்மா நிக்க வெச்சு. டீசல் தீர்ந்து நின்னா, ஓடி வந்து ஊத்தி திரும்ப ஸ்டார்ட் பண்ணுவார். ஒரே சத்தம். நான்கூட சண்டைக்குப் போனேன்."

எனக்குப் புரிந்தது. ஒரு சத்தத்தை மறைக்க இன்னொரு சத்தம். அன்றைக்குக் கேட்கவில்லை என்று அழுதானே... மறுநாள் கேட்டிருக்கிறது.

"அன்னைக்கு நீங்களும் வந்தீங்கம்மா. ஞாபகம் இருக்கா?"

வந்தேன். நெட்டை எங்கே என்று அண்ணனிடம் கேட்டுக் கத்த வந்தேன். அழுத அழுகையில் எங்கே நின்றேன், என்ன பேசினேன் என்று ஒன்றும் நினைவில்லை.

"உள்ள அந்தக் கார்கிட்டதான் நின்னீங்க. சத்தமா சண்ட போட்டீங்க. அப்புறம் திடீர்னு காதக் குடுத்துக் கேட்டீங்க. 'அண்ணா, இந்த வண்டி மிஸ் அடிக்குது பாரு'ன்னு சொன்னீங்க. அவர், 'நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ'ன்னாரு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நானும் இன்ஜின்னுதாம்மா நெனச்சேன். மூணு மூணா அடிச்சுட்டிருந்துச்சு. உங்க குரல் கேட்டதும் அது வேகம் புடிச்சுது. நீங்க பேசப் பேச இன்னும் வேகமா அடிச்சுது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க போனதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அடிச்சுதும்மா. அப்புறம் நின்னுடுச்சு."